பேரும் சுற்றி வரும், வருஷமும் சுற்றி வரும்: முன்னோரைத் தேடத் தொடங்குபவர்களுக்கு

"தாது வருஷத்துல பஞ்சம் தாங்காம நம்ம பாட்டன் மலைக்குப் போனாரு." என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இதைச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். மலை என்றால் எங்களுக்கு ஒரே மலைதான், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. எங்கள் ஊர் அதன் அடிவாரத்தில், குப்பனூர் பக்கம். அந்தப் பாட்டன் யார், எப்போது போனார் என்று தேடி நாலைந்து வருஷம் அலைந்தேன். வம்சாவளி தேடுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அந்த அலைச்சலில்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது உதவும் என்று எழுதுகிறேன்.

வம்சாவளி என்றதும் பலருக்கும் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதிய ஒரு படம்தான் நினைவுக்கு வரும். பெயர்கள் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே ஒரு கோடு போடுகிறோமே, கஷ்டம் அதில்தான் இருக்கிறது. 'இன்னார் மகன் இன்னார்' என்று கோடு போட்டால், அதற்கு ஒரு காகிதம் வேண்டும். இல்லையென்றால் நேரில் அறிந்த ஒருவரின் வாக்காவது வேண்டும். நம்மிடமிருந்து தொடங்கி, அப்பா, அவருடைய அப்பா என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நடுவில் இரண்டு படியைத் தாண்டி, பழைய காலத்தில் பேர் பெற்ற யாரையோ 'நம்ம ஆளுதான்' என்று பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கினால், வேறு யாருடைய வீட்டுக்கோ போய்ச் சேர்வோம்.

நமக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது பெயர். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் ஒரு தலைமுறையைத்தான் சொல்லும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். அதோடு தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தியும் அப்படித்தான், பெயர்த்தி. உதாரணத்துக்கு, மாரிமுத்து மகன் பெருமாள், பெருமாள் மகன் மாரிமுத்து, அவர் மகன் மறுபடியும் பெருமாள் என்று இரண்டே பெயர்கள் ஒரு குடும்பத்தில் நூறு வருஷம் ஓடும். பழைய பத்திரத்தில் 'பெருமாள் மகன் மாரிமுத்து' என்று பார்த்தால் அவர் தாத்தாவா, பேரனா? இருவருக்குமே அப்பா பெயர் பெருமாளாக இருக்கலாம். போதாததற்குப் பங்காளி வீட்டிலும் அதே பாட்டன் பெயரை வைத்திருப்பார்கள். அதனால் பெயர் ஒத்துப்போனதும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அப்பா பெயர், ஊர், நிலத்தின் சர்வே எண், மனைவி பெயர், கூடப் பிறந்தவர்கள், இவற்றில் இரண்டு மூன்றாவது சேர்ந்து பொருந்த வேண்டும்.

இரண்டாவது சிக்கல் வருஷம். நம் பெரியவர்கள் 1936 என்றோ 1942 என்றோ சொல்ல மாட்டார்கள். தாது, சித்திரபானு, குரோதி என்றுதான் சொல்வார்கள். இந்த 60 வருஷச் சக்கரத்தில் தாது வருஷம் 1876-77இல் வந்தது, 1936-37இல் வந்தது, 1996-97இலும் வந்தது. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பெயரே தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டம் அதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல் இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் 16 லட்சத்துக்குள் வந்துவிட்டது. பத்து வருஷத்தில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைவு. செத்தவர்கள் எத்தனை, ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. ஆனால் உங்கள் குடும்பக் கதை 1876 பக்கத்தில் திடீரென்று அறுந்துபோனால், காரணம் அதுவாக இருக்கலாம்.

பஞ்சம், தாது வருஷம் என்று அப்பாயி சொன்னதும் நாங்கள் எல்லாரும் 1876 என்றே எடுத்துக்கொண்டோம். எந்தப் பாட்டன் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பாயியின் மாமனாருக்கும், அந்த மாமனாரின் தாத்தாவுக்கும் ஒரே பெயர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வீட்டில் தொடங்குங்கள்

வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான் முதல் வேலை. அலுவலகங்களுக்கு அடுத்த வருஷமும் போகலாம். "உங்க தாத்தா எப்பப் பொறந்தாரு?" என்று கேட்டால் பதில் வராது. "யார் கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கிணறு வெட்டினாங்க?", "பாகம் பிரிச்சப்ப யாரெல்லாம் இருந்தாங்க?", "உங்க கல்யாணத்துக்கு வந்த பெரிய அத்தை எந்த ஊரு?" என்று நடந்த காரியத்தை வைத்துக் கேளுங்கள். சங்கிலி தானாக வரும். சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று கீழே குறித்துக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

பரணிலும் இரும்புப் பெட்டியிலும் கிடப்பதைப் பாருங்கள். மொய் நோட்டில் பெயரோடு ஊரும் இருக்கும். மாமன் முறையா பங்காளியா என்பதும் பல இடத்தில் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாமே சான்றுகள்தான். ஜாதக நோட்டில் தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரம் இருந்தால், இரண்டு 60 வருஷச் சுற்றுகளில் எது சரி என்று வயதை வைத்துப் பிரித்துவிடலாம்.

எனக்கு மிகவும் உதவியது குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. திருவிழாவுக்கு வரி போடும்போது பங்காளிகளில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரையும் ஒரு தலைக்கட்டாக எழுதுவார்கள். ஒரு வருஷம் இல்லாத பெயர் அடுத்த திருவிழாவில் வந்திருந்தால், இடையில் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. பெயர் நின்றுபோனால் செத்திருக்கலாம், இல்லை ஊரைவிட்டுப் போயிருக்கலாம். பூசாரி வீட்டிலோ ஊர்ப் பெரியவர் வீட்டிலோ இந்த நோட்டு இருக்கும். செல்லரித்துப் போவதற்குள் போய்ப் படம் எடுத்துவிடுங்கள்.

பள்ளிச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் அது. வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குப் பிறந்த தேதி. அந்தச் சான்றிதழில் அப்பா பெயரையும் ஊரையும் நம்பலாம். தேதியை நம்ப வேண்டாம்.

நிலத்தைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்

சில நாடுகளில் நூறு வருஷத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்து, வீடு வீடாகப் பெயர்களைப் படிக்கிறார்கள். நமக்கு அந்த வழி இல்லை. 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, கணக்கெடுப்பில் தனி ஆள் பற்றி எழுதியதை யாரும் பார்க்க முடியாது. சாதாரணக் குடியானவன் பெயரை அரசாங்கம் எழுதிவைத்தது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: இந்த நிலத்துக்கு யார் வரி கட்டுவது? அதனால் முன்னோரைத் தேடுவது நம் ஊரில் நிலத்தைத் தேடுவதாகவே ஆகிவிடுகிறது.

உங்கள் குடும்பத்துக்கு இன்றோ முன்போ சொந்தமாக இருந்த ஒரு துண்டு நிலத்தின் சர்வே எண் தெரிந்தால் போதும். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு இவற்றை இப்போது இணையத்தில் பார்க்கலாம். அதிலிருந்து பின்னால் போக வேண்டும். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டை யூ.டி.ஆர். என்பார்கள். அப்போது எழுதிய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக யார் பெயர் என்று பார்க்கலாம். அதற்கு முந்தையது, நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேடு. சர்வே எண் மாறியிருக்கும். பழைய எண், புது எண் இரண்டையும் ஒப்பிடும் பட்டியலை வருவாய்த் துறையில் கேளுங்கள்.

சேலம்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனபிறகு, கேப்டன் ரீட் தலைமையில் நிலத்தை அளந்து குடியானவர்களிடமே நேராக வரி போட்டார்கள். இந்த முறைக்குப் பெயர்தான் ரயத்துவாரி. பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்து தொழில் கற்றது இங்கேதான். ஆனால் சில வருஷத்திலேயே, 1802 வாக்கில், நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டா எடுத்தவர் மிட்டாதார். மிட்டா ஊர்களில் குடியானவன் வரி கட்டியது மிட்டாதாரிடம், மிட்டாதார் கட்டியது சர்க்காரிடம். அதனால் சர்க்கார் கணக்கில் மிட்டாதார் பெயர்தான் இருக்கும். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த ஊர்களில் குடிகளின் பெயர்கள் செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஏறின. 'பழைய கணக்கில் எங்கள் பெயரே இல்லை, நாங்கள் வந்தேறிகளோ' என்று யாராவது கவலைப்பட்டால், ஊர் மிட்டாவா ரயத்துவாரியா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

பதிவேடு பெயரைத்தான் சொல்லும். உறவைச் சொல்வது பத்திரம். எனக்குத் தெரிந்தவரை நம் ஊரில் வம்சாவளிக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. 'சேலம் தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்றுதான் பத்திரம் தொடங்கும். 'பிதுரார்ஜிதமாய் எனக்குப் பாத்தியப்பட்டு' என்று வந்தால் நிலம் அப்பன் வழி வந்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் வரிசையாக வருவார்கள். நான்கு எல்லை சொல்லும்போது பக்கத்து நிலத்துக்காரர் பெயர் வருமே, அவர் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார்.

பத்திரம் வீட்டில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். 1865 முதல் இங்கே பத்திரப் பதிவு நடக்கிறது. பதிந்த ஒவ்வொரு பத்திரத்தையும் புத்தகத்தில் எழுதிவைத்து, ஆட்களின் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் சொத்துவாரியாக இன்னோர் அட்டவணையும் போடுவார்கள். உயில்களுக்குத் தனிப் புத்தகம். ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று பல அலுவலகங்களில் 1975 வாக்கிலிருந்து இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையதை மனு போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று நீங்கள் சொல்லும் இடைவெளிக்கு ஏற்பக் கட்டணம் ஏறும் என்பதால், மேலே சொன்ன வீட்டு வேலையை முடித்து வருஷத்தைக் குறுக்கிக்கொண்டு போங்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த சொத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லாததால், அந்தக் காலத்துச் சின்னக் கைமாற்றங்கள் பல பதிவாகாமலே போயிருக்கும்.

நான் போன ஒரு அலுவலகத்தில் முதல் இரண்டு தடவையும் புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவை வேறொரு எழுத்தர் பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். எழுத்து மூலமாகக் கேளுங்கள், திரும்பவும் போங்கள்.

அங்கே கிடைத்தது ஓர் அடமானப் பத்திரம். ஆங்கில வருஷம் 1936, பக்கத்திலேயே தாது வருஷம் ஆடி மாதம். எழுதிக் கொடுத்தவர் அப்பாயியின் மாமனார். அப்போது அவர் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பதாக அதில் இருந்தது. மலைக்குப் போன பாட்டன் இவர்தான். அவர் போன தாது வருஷம் 1936. விரட்டியது கடன். கஞ்சித்தொட்டி, கிழங்கு தோண்டித் தின்றது என்று அப்பாயி சொல்லும் மற்றக் கதைகள் அறுபது வருஷம் முந்தியவை. அவை இவருடைய தாத்தாவுக்கு நடந்தவை. பெயரும் ஒன்று, வருஷமும் ஒன்று என்பதால் இரண்டு பேரின் கதையும் ஒரே ஆளின் கதையாகிவிட்டது. அப்பாயி வேண்டுமென்று எதையும் தப்பாகச் சொல்லவில்லை.

பிறப்பு இறப்புப் பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறைக்கு வந்த 1970க்குப் பிறகு இது ஓரளவு ஒழுங்காக இருக்கும். அதற்கு முன்னால் கிராம அதிகாரியான முன்சீப் எழுதியதுதான். பிறந்த சில நாளில் எழுதுவதால் குழந்தைக்குப் பெயரே இருக்காது. ஆண் குழந்தை, தகப்பன் பெயர் இன்னது என்று மட்டும் இருக்கும். அதனால் தகப்பன் பெயரை வைத்துத் தேடுங்கள். 1980இல் கர்ணம் என்ற கிராமக் கணக்கர் பதவியையும் முன்சீப் பதவியையும் ஒழித்தபோது பல ஊர்களில் கணக்குப் புத்தகங்கள் கைமாறின. பழைய கர்ணம் வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நல்லது. தாய் மாவட்டமும் சிதறியிருக்கிறது. தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலத்திலிருந்து பிரிந்தன. பழைய காகிதத்தில் 'சேலம் ஜில்லா' என்றால் இந்த ஊர்களும் அதில் அடக்கம்.

மலைமேல் உள்ளவர்களுக்கும் கடல் கடந்தவர்களுக்கும்

சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்குக் கேரளத்தோடு தொடர்பு இல்லை. மலையை ஆள்பவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலை, கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. காகிதம் குறைவாக இருக்கும் இடத்தில் இப்படி வாய்வழி வருவதும் சான்றுதான், ஆனால் அதை ஒரு சமூகத்தின் நினைவாகக் குறித்துவைக்க வேண்டும். தனி ஒரு குடும்பத்தின் கோட்டை அதை வைத்துப் போட முடியாது. சாதிச் சான்றிதழுக்காகப் பல குடும்பங்கள் பாட்டன் காலத்துப் பட்டாவையும் பள்ளிச் சான்றையும் ஏற்கெனவே திரட்டி வைத்திருக்கும். அந்தக் கட்டே பாதி வம்சாவளி.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் ஆள் வருகைப் பதிவேட்டில், இருப்பார்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி கொண்டுவந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அந்த மலையில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் தோட்டக் கணக்குகள் தனியார் கையில் இருந்தவை, பெரும்பாலும் அழிந்துவிட்டன. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் வழி சுலபம். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம். சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானது என்பதால், அதற்கு முன் உங்கள் பங்கு எதன் கீழ் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது.

கடல் கடந்தவர்களுக்குச் சில சமயம் நம்மைவிட நல்ல காகிதம் கிடைக்கிறது. சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், டர்பன் இருக்கும் நடால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று பட்டியல் எழுதினார்கள். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள், ஊர் பிடிபடும். 'காணாமல் போனவர்' என்று உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் அந்தப் பட்டியல்களையும் ஒரு தடவை பாருங்கள்.

பெண்கள்

இதுவரை சொன்னதில் எல்லாமே அப்பன் வழி. தலைக்கட்டு நோட்டில் பெண் இல்லை. பட்டாவில் கணவன் செத்தபிறகுதான் வருவாள். 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு கொடுத்த பிறகு, பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகள்களின் பெயர்கள் வரத் தொடங்கின. வாரிசுச் சான்றில் மகள்கள் எல்லாரும் இருப்பார்கள். 1989க்கு முந்தைய காலத்தில் பெண்களைத் தேடினால், மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகவோ கணவனை இழந்தவளாகவோதான் கிடைப்பார்கள். பத்திரத்தை ஆண்களுக்காக ஒரு தடவையும் பெண்களுக்காக இன்னொரு தடவையும் படியுங்கள். நான் அப்படிப் படிக்காமல்தான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

1936 பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனதில் 1912இன் ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. 'இன்னார் பேரனும் இன்னார் குமாரனுமான மைனர்' என்று அதில் மூன்று தலைமுறை ஒரே வரியில் இருந்தது. பஞ்சத்தில் பிழைத்த பாட்டன், அவர் மகன், மலைக்குப் போன பேரன். எனக்குத் தேவைப்பட்ட இரண்டு கோடுகளும் கிடைத்துவிட்டன. நகலை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து எடுத்தபோதுதான் அடுத்த வரியைப் படித்தேன். 'மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று ஒரு பெண்ணின் பெயர். கீழே, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்ததற்கான குறிப்பு.

அது என் அத்தையின் பெயர். அப்பாயியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பொண்ணு பொறந்தப்ப இந்தப் பேருதான் வைக்கணும்னு எங்க மாமனாரு ஒத்தக் கால்ல நின்னாரு. யாரு பேருன்னு சொல்லவே இல்ல" என்றார்.